வாளின் பெயரும் மெய்யும்

ஒரு பொருளின் மதிப்பை அதன்மேற் பொறித்த பெயரைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. பெயர் பெரிதாயின் பொருளும் பெரிதென்று கொள்வாரே பலர். இவ்வழக்கு எத்துணைப் பிழையுடையது என்பதை விளக்குதற்குப் பழைய ஜப்பானிய வாளைப்போற் சிறந்த சான்று பிறிதொன்று கிடைத்தல் அரிது. அவ்வாட்களுள் புகழ்மிக்க பலவற்றிற் பெயரே இல்லை. புகழ்மிக்க பெயரைத் தாங்கிய பலவோ அப்பெயருக்கு உரியன அல்ல. அங்ஙனமாயின் மெய்வாளையும் பொய்வாளையும் பிரித்தறிதல் எவ்வாறு? பழவாட்களைத் தேடிச் சேர்ப்போர் அறியவேண்டுவன யாவை? இவற்றைச் சுருங்க விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வாள் பிறக்கும் முறை

பொய்யை அறிதற்கு முன் மெய்யின் இயல்பை அறிதல் வேண்டும். ஜப்பான் நாட்டில் வாளுக்குரிய எஃகு இரும்புமணலினின்று எடுக்கப்படுகின்றது. ‘தத்தரா’ எனப்படும் களிமண் உலையில் இரும்புமணலையும் மரக்கரியையும் மாறிமாறிப் பெய்து, ஏறக்குறைய மூன்று பகலும் மூன்று இரவும் இடையறாது எரிப்பர். பின்னர் உலையை இடித்து, அடியில் திரண்டு கிடக்கும் எஃகுக்கட்டியை வெளிப்படுத்துவர். கொல்லன் அக்கட்டியை உடைத்து, கடினமானதையும் மெதுவானதையும் தனித்தனியே பிரித்து, காய்ச்சித் தட்டி மடித்து, மீண்டும் காய்ச்சித் தட்டுவான். ஒருமுறை மடிப்பின் இரண்டு அடுக்கு. பத்துமுறை மடிப்பின் 1,024 அடுக்கு. இங்ஙனம் மடிக்கப்பட்ட எஃகில், மரப்பலகையில் தோன்றும் ரேகைகளைப்போல நுண்ணிய ரேகைகள் அமைகின்றன. பெரும்பாலும் மெதுவான எஃகை உள்ளீடாகவும் கடினமான எஃகை மேற்போர்வையாகவும் வைத்து வாளை வடிப்பர்.

இதன்பின் நிகழ்வதே இத்தொழிலின் உயிர்நிலை. வாளின் முதுகில் தடிப்பாகவும் கூர்வாயில் மெல்லிதாகவும் களிமண்ணைப் பூசி, செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பர். மெல்லிய பூச்சுடைய வாய்ப்புறம் விரைந்து குளிர்ந்து மிகு கடினம் அடைகின்றது. தடித்த பூச்சுடைய முதுகு மெல்லக் குளிர்ந்து வளைந்துகொடுக்கும் தன்மையைப் பெறுகின்றது. இவ்விரு பகுதியும் வேறுவேறு வகையாக மாறுதலால் வாளின் வளைவும் அப்பொழுது மிகுகின்றது. சில வாட்கள் அந்நீரிலேயே வெடித்து வீணாதலும் உண்டு. கடினப்பகுதியும் மெதுப்பகுதியும் கூடும் எல்லையில் வெண்மையான கோலம் ஒன்று தோன்றுகின்றது. இதனை ‘ஹமோன்’ என்பர். அவ்வெல்லையில் தனித்தனியாகக் கண்ணுக்குப் புலப்படும் பளிங்குத் துகள்களுக்கு ‘நியே’ என்றும், பிரித்தறிய இயலாது பனிமூட்டம்போற் படர்ந்தவற்றுக்கு ‘நியோய்’ என்றும் பெயர்.

இதனால் அறியத்தக்கது யாதெனின், ஹமோன் என்பது மேலே தீட்டிய சித்திரமன்று. எஃகின் உள்ளே நிகழ்ந்த மாற்றம் வெளியே காட்டும் தோற்றமே ஆகும். ஆதலின் திராவகத்தால் அரித்தோ, கம்பித் தூரிகையால் தேய்த்தோ போலிக்கோலம் இடுவார் உளராயினும், பூதக்கண்ணாடியின் முன் அப்போலி நிலைநில்லாது. கோலம் இருக்கும், அதன் எல்லையில் நியேயும் நியோயும் இரா.

2. ஆராய்ச்சியின் வரிசை

முதற்கண் அளவைக் குறித்துச் சிறிது கூறுவோம். ஜப்பானியரின் ‘ஷாகு’ என்னும் அளவு 30.3 சென்டிமீட்டர் ஆகும். அலகு ஒரு ஷாகுவுக்குக் குறைந்தது ‘தாந்தோ’ என்னும் குறுவாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது ‘வாகிசாஷி’. இரண்டு ஷாகுவும் அதற்கு மேலும் உள்ளது நெடுவாள். நெடுவாளிலும் இருவகை உண்டு. கூர்வாய் கீழ்நோக்க இடையிற் தொங்கவிடப்பட்டது பழைய ‘தாச்சி’. கூர்வாய் மேல்நோக்கக் கச்சையிற் செருகப்பட்டது பின்வந்த ‘கத்தானா’.

இனி, ஒரு வாளை ஆராய்வோர் முதலில் நோக்குவது பெயரை அன்று, வடிவத்தை. வடிவம் காலத்தைக் காட்டும். 12-ஆம் நூற்றாண்டை ஒட்டிய தாச்சி மெலிந்த உடலும், பிடிக்கு அருகே ஆழ்ந்த வளைவும், சிறிய நுனியும் உடையது. 13-ஆம் நூற்றாண்டின் நடுவிற் செய்தவை அகன்று பருத்துக் குறுகிய நுனி பெற்றன. 14-ஆம் நூற்றாண்டில் இருவேறு அரசவைகள் தம்முட் பொருத காலத்தில் மூன்று ஷாகுவினும் நீண்ட பெருவாட்கள் தோன்றின. அவற்றின் நுனியும் பெரிது. 1661 முதல் 1673 வரையுள்ள கான்புன் ஆண்டுகளில் வளைவு மிகக் குறைந்து, அடியினின்று நுனிநோக்கி நன்கு ஒடுங்கும் வாட்கள் வழக்கில் வந்தன. போர்முறை மாறமாற வாளின் வடிவும் மாறிற்று என்பது இதன் கருத்து.

இரண்டாவதாக நோக்குவது எஃகின் ரேகை, மூன்றாவதாக ஹமோன். இவ்விரண்டும் வாள் பிறந்த நாட்டையும் மரபையும் காட்டும். பழைய வாட்கொல்லர் மரபுகளை யமாஷிரோ, யமாத்தோ, பிசென், சகாமி, மினோ என ஐந்தாகப் பகுப்பர். யமாத்தோவின் எஃகில் நேர்கோடாக ஓடும் ரேகை சிறந்து நிற்கும். பிசெனின் ஹமோன் கிராம்பு மொட்டுகளை அடுக்கினாற் போன்றது. அதன் மேலே எஃகுப்பரப்பில் நிழல்போன்ற வெண்சாயலும் காணப்படும். சகாமியில் நியே மிகுந்து ஒளிரும். மினோவில் ஹமோன் கூரிய முனைகளாக எழும். நான்காவதாக, நுனிக்குள் ஹமோன் எங்ஙனம் திரும்புகின்றது என்பதை நோக்குவர். கொல்லன் ஒவ்வொருவனுக்கும் உரிய கைப்பழக்கம் ஆண்டு வெளிப்படும் என்பர்.

இவ்வாராய்ச்சியைப் பயிற்றுவித்தற்கு ஜப்பானியர் கையாளும் முறை மாணவராகிய நமக்குச் சுவை பயப்பதாகும். பெயர் பொறித்த அடிப்பகுதியைத் துணியாலோ மரப்பிடியாலோ மூடி, அலகை மட்டும் மாணவர் முன் வைப்பர். மாணவர் அதனை ஆராய்ந்து, கொல்லன் இன்னான் எனச் சீட்டில் எழுதி ஆசிரியரிடம் தருவர். சரியாயின் ‘அத்தாரி’, அதாவது பட்டது, என்று விடை வரும். அதே மரபில் நெருங்கிய ஒருவனைக் குறித்திருப்பின், ஏறக்குறையச் சரி என்னும் பொருளில் ‘தோசென்’ என்பர். முற்றும் பிழையாயின் ‘இயா’, அதாவது அன்று, என்பதே விடை. பெயரைப் பார்த்தபின் வாளைப் பார்ப்பவன், பெயர் சொல்லியதையே வாளிற் காண்பான். பெயரை மறைத்துப் பயின்றவனோ வாள் சொல்வதைக் கேட்கப் பழகுகின்றான். இலக்கியம் பயிலும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. புலவன் பெயர் அறியாது ஒரு செய்யுளைப் படித்து, அதன் காலத்தையும் நடையையும் ஆராய முயன்றவர் இம்முறையின் அருமையை எளிதில் உணர்வர்.

3. அடிக்காம்பும் பெயரும்

பிடிக்குள் மறைந்துகிடக்கும் அலகின் அடிப்பகுதியை ‘நகாகோ’ என்பர். நாம் அடிக்காம்பு எனக் கொள்வோம். மூங்கில் முளை ஒன்றே இதனைப் பிடியுடன் பிணைப்பது. முளையைத் தட்டி எடுப்பின் பிடி கழலும், அடிக்காம்பு வெளிப்படும். கொல்லன் தன் பெயரையும், சிலபோது ஊரையும் ஆண்டையும் உளியாற் பொறிப்பது இவ்விடத்திலேயே ஆகும்.

ஆண்டும் பெயருக்கு முன் நோக்கத்தக்கது துருவே. அலகைத் துடைத்து எண்ணெய் பூசுவர், அடிக்காம்பையோ தேய்ப்பதில்லை. ஆகையால் நூற்றாண்டுகளின் துரு அதன்மேல் மெல்ல மெல்லப் படிந்து, கருமையும் பழுப்பும் கலந்த ஒருசீரான நிறத்தைப் பெறுகின்றது. எழுத்தின் பள்ளத்துள்ளும் வெளிப்பரப்பிலும் துரு ஒரே தன்மையாக இருத்தல் வேண்டும். பழந்துருவைக் கிழித்துக்கொண்டு புதிய உளிக்கோடு செல்லுமாயின், அது பின்னர்ப் புகுந்த பெயரென ஐயுறல் வேண்டும். அரத்தின் கீறல்கள் எத்திசையில் ஓடுகின்றன, அடிக்காம்பின் முனை எவ்வடிவினது, துளைகள் எத்தனை என்பனவும் நோக்கத்தக்கன. இவை ஒவ்வொரு மரபுக்கும் வேறுபடும்.

எழுத்தை ஒப்புநோக்குதற்கு மைப்படிகள் உதவுகின்றன. கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோலவே, மெல்லிய தாளை அடிக்காம்பின்மேல் வைத்து மைக்கட்டியால் தேய்த்துப் படி எடுப்பர். ஐயமற்ற வாட்களின் மைப்படிகளை நூல்களாகத் தொகுத்து வைத்துள்ளனர். உளி எப்பக்கத்தினின்று வெட்டியது, கோட்டைத் தொடங்கிய இடமும் முடித்த இடமும் எவை என்பனவற்றைக் கொண்டு மெய்யெழுத்தையும் போலியெழுத்தையும் பிரித்தறிவர்.

பெயரில்லா வாட்கள் பலவாதற்குக் காரணமும் இவ்விடத்திலேயே விளங்கும். 14-ஆம் நூற்றாண்டின் பெருவாட்கள் பிற்காலத்துக் காலாட்போருக்கு ஏற்றனவாக இல்லை. எனவே அவற்றைக் குறைத்தனர். நுனிப்புறத்தைக் குறைப்பின் வடிவும் ஹமோனும் கெடும். ஆகையால் அடிப்புறத்தை வெட்டி, அலகின் ஒரு பகுதியைப் புதிய அடிக்காம்பாக்கினர். அங்ஙனம் வெட்டுண்ட துண்டோடு கொல்லனின் பெயரும் போயிற்று. சிலர் பெயருள்ள பகுதியை மட்டும் அரிந்தெடுத்துப் புதிய அடிக்காம்பிற் பதித்துக் காத்தனர். பெரும்பாலோர் அவ்வாறு செய்திலர். இங்ஙனம் உண்மையான பேராசான் வாள் பெயரிழந்து நின்றது. பிற்காலத்துச் சாதாரண வாளோ பொய்ப்பெயர் பூண்டு உலவிற்று.

17-ஆம் நூற்றாண்டில் எடோ நகரில் வாழ்ந்த நாகசோனே கோத்தெத்சு என்னும் கொல்லன் முதலிற் கவசம் செய்தவன். பின்னர் வாட்கொல்லனாகிப் பெரும்புகழ் பெற்றான். கோத்தெத்சு என்ற பெயரைக் காணின் பொய்யென்றே கருதுக என்னும் வழக்குமொழி அந்நாட்டில் எழுந்தது. 14-ஆம் நூற்றாண்டினனாகிய கோ யோஷிஹிரோவின் பெயர் பொறித்த ஐயமற்ற வாள் ஒன்றேனும் கிடைத்திலது. ஆதலின் கோவையும் பேயையும் கண்டவர் இல்லை என நகைப்பர். வாட்கொல்லருள் தலைசிறந்தவன் எனப் போற்றப்படும் சகாமி நாட்டு மசமுனேயின் பெயர் பொறித்த மெய்வாட்களும் மிகச் சிலவே.

4. சான்றிதழ்களும் அவற்றின் எல்லையும்

பெயரில்லாதவற்றுக்குப் பெயர் கூறுவார் யார்? இப்பணியை ஹோனாமி என்னும் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக மேற்கொண்டனர். வாளுக்கு மெருகிடுதலும் வாளை மதிப்பிடுதலும் அவர்தம் குலத்தொழில். அழகிய எழுத்துக்கும் மட்கலத்துக்கும் பெயர்பெற்ற ஹோனாமி கோயெத்சு (1558–1637) இக்குடும்பத்திற் பிறந்தவரே. இவர்கள் தந்த மடித்த தாள் ‘ஒரிகாமி’ எனப்பட்டது. சில வாட்களின் அடிக்காம்பிற் பொன்னெழுத்தாகவும் தம் முடிவைப் பதித்தனர். 1719-ஆம் ஆண்டில், ஷோகுன் தோகுகாவா யோஷிமுனேயின் ஆணைப்படி, புகழ்பெற்ற வாட்களின் பட்டியல் ஒன்றையும் தொகுத்தளித்தனர். ஆயினும் பிரபுக்கள் ஒருவர்க்கொருவர் வாளைப் பரிசளித்தல் அக்காலத்து மரியாதையாகலின், பெரும்பெயருக்குத் தேவை மிகுந்தது. பிற்காலத்துச் சான்றுகள் முற்காலத்தனபோல் உறுதி வாய்ந்தன அல்ல என்பது அறிஞர் கருத்து. மேலும், வாளிற் பொய்ப்பெயர் பொறிப்பவனுக்குத் தாளிற் பொய் எழுதுதல் அரிதாகுமோ?

இந்நாளில் இப்பணியை ஆற்றுவோருள் முதன்மையானது 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம். அறிஞர் பலர் கூடி ஆராய்ந்து, தகுதிக்கேற்பப் படிப்படியான சான்றிதழ் தருகின்றனர். டோக்கியோவின் ரியோகோகு பகுதியில் அச்சங்கத்தின் வாட்காட்சிசாலை 2018 முதல் நடைபெற்று வருகின்றது. இனி, ஜப்பானில் உள்ள ஒவ்வொரு வாளுக்கும் அரசாங்கப் பதிவுச்சீட்டு இருத்தல் வேண்டும். இச்சீட்டைச் சான்றிதழென மயங்குவார் உளர். பதிவுச்சீட்டு, இவ்வாளை வைத்திருத்தல் சட்டத்துக்கு உடன்பாடு என்பதை மட்டுமே கூறும். அடிக்காம்பில் என்ன பெயர் உள்ளதோ அதனை அவ்வாறே எழுதும். அப்பெயர் மெய்யோ பொய்யோ என்பதைப்பற்றி அது யாதும் கூறாது.

5. படைவாட்களும் 1945-ஆம் ஆண்டும்

1876-ஆம் ஆண்டில் மெய்ஜி அரசாங்கம் பொதுமக்கள் வாள் அணிதலைத் தடுத்தது. கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். 1930-களில் படை பெருகியபோது வாட்கள் மீண்டும் வேண்டப்பட்டன. ஆனால் அவற்றுட் பல தொழிற்சாலை எஃகினால் விரைந்து செய்து, தண்ணீருக்கு ஈடாக எண்ணெயில் தோய்க்கப்பட்டவை. அடிக்காம்பிற் சிறு முத்திரை இருப்பின் அஃது இவ்வகையாதல் கூடும். 1935-ஆம் ஆண்டு முறைப்படி அமைந்த கீழ்நிலை அதிகாரிகளின் வாளிலோ, பட்டுச்சரடு சுற்றினாற்போலத் தோன்றுமாறு உலோகத்தில் வார்த்த பிடியும், அலகிற் பொறித்த வரிசை எண்ணும் காணப்படும். இவை வரலாற்றுப் பொருள்களே; பழவாட்கள் அல்ல. எனினும் படைவாளின் உறையைக் கண்டவுடன் இகழ்ந்துவிடலும் ஆகாது. அதிகாரிகள் பலர் தம் முன்னோரின் வாளையே படைக்குரிய உறையிலிட்டு எடுத்துச் சென்றனர். உறை ஒன்று கூறும். அலகு வேறொன்று கூறும்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியப் படையின் ஆட்சியில் இருந்த மலேயாவிலும் அந்தமானிலும் நம்மவர் இவ்வாட்களை அச்சத்தின் அடையாளமாகவே அறிந்தனர். அந்நினைவு மறக்கத்தக்கதன்று. வாளின் அழகை ஆராய்வோர், வாள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் உடன் நினைத்தல் நேர்மையாகும்.

1945-ஆம் ஆண்டில் ஜப்பான் பணிந்தபோது, தென்கிழக்காசியாவில் நேசநாட்டுப் படைத்தலைவராகிய மௌண்ட்பேட்டன், ஜப்பானிய அதிகாரிகள் தம் வாட்களை ஒப்படைத்தே தீரவேண்டுமென வற்புறுத்தினார். ஜப்பானுக்குள்ளும் ஆயுதம் யாவும் ஒப்படைக்கப்பட வேண்டும் என ஆணை பிறந்தது. நல்வாளும் தீவாளும் ஒன்றாகக் குவிக்கப்பட்டன, மிகப்பல அழிக்கப்பட்டன, பல போர்வீரர் கைப்பட்டுக் கடல்கடந்தன. அந்நாளில் ஹொன்மா ஜுன்ஜி முதலிய அறிஞர், கர்னல் காட்வெல் என்னும் அமெரிக்க அதிகாரியை அணுகி, கலைச்சிறப்புடைய வாட்கள் ஆயுதமென எண்ணி அழிக்கத்தக்கன அல்ல என்பதை எடுத்துரைத்தனர். அதன் பயனாக ஆராய்ந்து பிரிக்கும் முறை ஏற்பட்டது. பிரித்தறியும் கல்வி ஒரு நாட்டின் செல்வத்தைக் காத்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

காவாது போனதற்கும் சான்று உண்டு. தோகுகாவா குடும்பத்தாரிடம் வழிவழி இருந்து, 1939-ஆம் ஆண்டில் தேசியச் செல்வமெனக் குறிக்கப்பட்ட ‘ஹொன்ஜோ மசமுனே’ என்னும் வாள், போருக்குப்பின் ஒப்படைக்கப்பட்டது. இன்றுவரை அஃது இருக்குமிடம் தெரிந்திலது. மற்றொரு வாளின் வரலாறு மகிழ்ச்சி தருவது. காகோஷிமாவிலுள்ள தெருகுனி கோயிலுக்கு உரியதாய், போரின் முடிவிற் காணாமற்போன குனிமுனேயின் தாச்சி அமெரிக்காவில் வெளிப்பட்டது. அதனைப் பெற்றிருந்த வால்டர் காம்ப்டன் என்னும் சேகரிப்பாளர், அஃது இன்னது எனத் தெளிந்தபின், 1963-ஆம் ஆண்டில் விலை பெறாது அக்கோயிலுக்கே திருப்பியளித்தார். அறியாதான் கையில் அவ்வாள் பழைய இரும்பாகக் கிடந்து மாய்ந்திருக்கும்.

6. சேகரிப்போர் கடமை

மேற்கூறியவற்றால் சேகரிப்போர் செய்யத்தகாதன சில விளங்கும்.

முதலாவது, அடிக்காம்பின் துருவைத் தேய்த்தல் கூடாது. அழுக்கென எண்ணிப் பளபளப்பாக்குவோர், வாளின் வயதுக்குரிய சான்றைத் தம் கையாலேயே அழிக்கின்றனர். மீண்டும் அத்துரு படிதற்கு நானூறு ஆண்டு வேண்டும்.

இரண்டாவது, அலகைச் சாணைக்கல்லில் இடுதலும் மணற்றாளால் உரைத்தலும் ஆகா. முறையாகப் பயின்றோன் பல கற்களால் படிப்படியாக மெருகிடும்போதும் எஃகு சிறிது தேய்ந்தே தீரும். மேற்போர்வை தேய்ந்து உள்ளீடு வெளிப்பட்ட வாளுக்கு மாற்று மருந்து இல்லை.

மூன்றாவது, அலகை விரலால் தீண்டலாகாது. வியர்வையின் உப்பு துருவை விளைக்கும். பழைய எண்ணெயைத் துடைத்து, கிராம்புத் தைலம் கலந்த மெல்லெண்ணெயைச் சிறிதே பூசுதல் போதுமானது.

நான்காவது, கூர்வாயிற் குறுக்கே ஓடும் வெடிப்பு உண்டோ என ஒளியிற் பார்த்தல் வேண்டும். அது பெருங்குற்றம். தீயிற்பட்டு ஹமோன் அழிந்து மீண்டும் தோய்க்கப்பட்ட வாளும் பொதுவாக மதிப்பிற் குறையும். ஆயினும் அதற்கும் விலக்கு உண்டு. 1615-ஆம் ஆண்டில் ஒசாகா கோட்டை எரிந்தபோது வெந்த பெருவாட்கள் சிலவற்றைத் தோகுகாவா இயேயாசு, யாசுத்சுகு என்னும் கொல்லனைக்கொண்டு மீண்டும் தோய்க்கச் செய்தார். அவை இன்றும் போற்றப்படுகின்றன.

ஐந்தாவது, தத்தம் நாட்டின் ஆயுதச் சட்டத்தையும், ஜப்பானினின்று வெளியே கொணர்தற்குரிய அரசாங்க அனுமதியையும் அறிந்தன்றி வாளை வாங்குதல் தகாது.

இறுதியாக ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. நல்ல வாளொன்றிற் பொய்ப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது எனின், அப்பெயரை அழித்துவிடலாமா? பொய்ப்பெயருள்ள வாளுக்குச் சங்கம் சான்றிதழ் தருவதில்லை. பெயரை அழிப்பின் அவ்வாள் தன் மெய்த்தகுதியால் மதிப்புறும். ஆகையால் அழிப்போர் பலர். பொய்யை நீக்குதல் நன்றே என்பது அவர் கொள்கை. ஆயினும், இன்று பொய்யெனக் கருதியது நாளை மேலும் நுணுகிய ஆராய்ச்சியால் மெய்யென விளங்குதல் கூடாதோ? அழித்த எழுத்தை மீட்டல் யாராலும் இயலாது. பொய்ப்பெயரும், அஃது எக்காலத்தில் எவ்விருப்பத்தாற் புகுந்தது என்பதைக் காட்டும் ஒரு சான்றே அன்றோ? ஆதலின் அறிஞர் பலர் ஒருமுகமாகத் துணிந்தாலன்றி உளியை எடாமையே நலம் என்பது எம் கருத்து.

வாளைச் செய்தவன் மறைந்தான், ஏந்தியவரும் மறைந்தனர். இன்று அதனைக் கையிற் கொண்டிருப்பவரும் சில ஆண்டு காவலரே அன்றி நிலையான உடையவர் அல்லர். வடிவம், ரேகை, ஹமோன், துரு என்னும் சான்றுகளைக் கெடாது வைத்து, அவற்றை முன்னும் பெயரைப் பின்னும் நோக்கி, ஐயம் உள்ள இடத்து ஐயத்தையே எழுதிவைத்து, அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்தலே அக்காவலருக்குரிய தொழிலாகும்.